தலைப்பிரட்டை என்று கூப்பிடாதீர்கள்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இங்கே சமையல் வேலை பழகிவிட்டது.

போன வாரம் ஒரு கூத்து. இந்த வீட்டுச் சின்னப்பெண் குளத்துத் தண்ணீரைச் சொம்பில் பிடித்துவந்து அடுப்படியில் வைத்துவிட்டாள். பார்க்காமல் அரிசியில் ஊற்றப் போனேன். "ஐயோ ஆயா, அதுல என் தவளைங்க இருக்கு!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் தலையும் வாலுமாக நெளிகிறது. "தவளையாடி இது? தலைப்பிரட்டை!" என்றேன். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் பேத்தியையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள் என்று மருமகள் எழுதியிருந்தாள். ஆரம்பித்தது உங்கள் தங்கையாம். வேறு யார்? நம் மூத்தவனைத் தொட்டிலில் பார்த்து, "என்ன அண்ணி, தலைப்பிரட்டையைப் பெத்து வச்சிருக்கீங்க" என்றவள்தானே. அன்று அவள் கட்டியிருந்த பச்சைப் புடவைகூட எனக்கு மறக்கவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். அவன் தலை பெருத்துக்கொண்டே போனது. "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார் டாக்டர். பிள்ளை தங்கவில்லை.

இது கைக்கு வந்த அன்றே பேத்தியை டாக்டரிடம் கொண்டுபோய்த் தலையை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லட்டும், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அதுவரை அந்தச் சொல் வீட்டில் கேட்கக் கூடாது. நான் சொன்னேன் என்றே உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

நம் வீட்டுப் போர்வை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

குக்கர் கத்துகிறது. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பேத்தியின் தலையை எனக்காகத் தடவிக்கொடுங்கள், மெதுவாக.

உங்கள் வீட்டுக்காரி