ஏமாந்தோம் என்று எழுதாதவளுக்கு

பீரோவை ஒதுக்கும்போது உன் கட்டம் போட்ட நோட்டு அகப்பட்டது. ஒரு பக்கம் முழுக்க ஒரே சீன எழுத்து: 欺. ஏமாற்றுவது என்று பொருள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறாய்.

அதை நீ எழுதிய நாள் எனக்குத் தெரியும். டாக்டராகலாம் என்று திண்டுக்கல்லிலிருந்து சீனாவுக்குப் போன நம் இருவருக்கும் இரண்டாம் வருடத்தில்தான் உண்மை தெரிந்தது. ஏஜென்ட் சேர்த்துவிட்ட கல்லூரியின் பட்டம் நம் நாட்டில் செல்லாது. என்னை அனுப்ப, அகரத்தில் இருந்த தோட்டத்தை அப்பா விற்றிருந்தார். விடுதிக் கட்டிலில் குப்புறக் கிடந்து, "ஏமாந்துட்டோம்டி" என்று அழுதேன். நீ அழவில்லை. மொழி வகுப்பு ஆசிரியையிடம் இந்த எழுத்தைக் கேட்டு வந்தாய்.

"இதுக்கு ரெண்டு அர்த்தமாம். ஏமாத்துறது, எளியவங்கள ஏறி மிதிக்கிறது. பழைய புஸ்தகத்துல 'ஏமாற்றப்பட்டேன்'னு சொல்லணும்னா, இதுக்கு முன்னாடி 'பாக்குறது'ங்கிற எழுத்தப் போடுவாங்களாம். பாத்தவ யாருடி? சாட்சி!"

அது வெறும் இலக்கணக் குறி என்றுதான் ஆசிரியை சொல்லியிருந்தார். உனக்கு அது போதவில்லை.

ஊர் திரும்பியதும் என் வீட்டில், "உடம்பு சரியில்லாம வந்துட்டாள்னு சொல்லிக்கலாம்" என்றார்கள். தோல் மண்டியில் வேலை பார்த்த உன் அத்தாவும், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று கெஞ்சினார். நீ என் கையைப் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்கு இழுத்துப் போனாய், மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு வந்த ஏஜென்ட் வராந்தாவில் நம்மை மறித்தான்.

"ஏம்மா, நீங்க ஏமாந்ததுக்கு நான் என்ன பண்றது?"

"நாங்க ஏமாறல. நீ ஏமாத்துன" என்றாய்.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பழனிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "ஏனுங்க, எம் பையனையும் இவருதானுங்க அனுப்புனாரு."

அவன் ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள். தோட்டம் திரும்பவில்லை. நீ நர்சிங் சேர்ந்தாய். முடிக்கும் முன் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. அதை எதிர்த்து நான் எங்கே மனுக் கொடுப்பது?

இப்போது திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்த வாரம் நத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சீட்டு நடத்தியவன் ஓடிவிட்டானாம். "நான் ஒரு கூறுகெட்டவ, நம்பிட்டேன்னு எழுது தாயி" என்றார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

நான் எழுதவில்லை. "அவன் பேரச் சொல்லுங்கக்கா" என்றேன்.

தயங்கினார். பேனாவைத் திறந்து வைத்தபடி காத்திருந்தேன். கடைசியில் முந்தானையை எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.