கையால் நிறுத்திய கடல்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ மீன் பிடிக்கிற கடலை எங்கள் மீன்வள ஆய்வு நிலையத்துக் கம்ப்யூட்டருக்குள் கணக்காக வைத்திருக்கிறேன், அது அடங்க மாட்டேன் என்கிறது. கடுகளவு குஞ்சிலிருந்து கை நீள மீன் வரை, அளவு வாரியாகக் கணக்கில் போட்டு ஓடவிடுகிறேன். பெரியது சின்னதைத் தின்று வளர்கிறது, முட்டையிடுகிறது. பிறப்பும் சாவும் சரிக்குச் சரியாகி எண்ணிக்கை அசையாமல் நின்றால்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்ல முடியும். இங்கே ஒரு வகை தாறுமாறாகப் பெருகுகிறது, இன்னொன்று பூண்டோடு அழிகிறது. நிலையத்தின் இயக்குநர் தினமும் கதவருகே வந்து, அறிக்கை எப்போது என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே திரையை மூடிவிடுகிறேன்.

உன் வாலு

ஆகஸ்ட் 11

அன்பு வாலுவுக்கு,

அண்ணி நடக்கிறாள், என்னைத் துரத்தித் திட்டுகிற அளவுக்கு. துறைமுகத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. உன் அறிக்கை வந்தால்தான் அதிகாரிகள் அவிழ்க்க விடுவார்களாம். "உன் தங்கச்சி அங்க என்னதான் பண்ணுது?" என்று ஐஸ் ஆலை வாசலில் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அது சொன்னா சரியா இருக்கும், நான் பொறுப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சின்ன வயதிலேயே பயந்தாங்கொள்ளி. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்.

அண்ணன்

செப்டம்பர் 19

அண்ணா,

'கடல் நின்றுவிட்டது, படகை அவிழ்க்கலாம்' என்று போன மாதம் குதித்துக்கொண்டு எழுதினேனே, அது தானாக நிற்கவில்லை. நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். ஆட்டம் அடங்குவதற்காக, ஆண்டுக்கு இத்தனை குஞ்சு என்று ஓர் எண்ணைக் கையால் கட்டிப்போடுவோம். தாய் மீன் குறைந்தாலும் குஞ்சு குறையாது. எல்லாம் நின்றபின் அந்தக் கட்டை அவிழ்த்து, தாய் இட்ட முட்டையிலிருந்தே குஞ்சு வரவிட்டு, அப்போதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு நேராக வந்த சந்தோஷத்தில் அவிழ்க்க மறந்து அறிக்கையை அனுப்பிவிட்டேன். நேற்று அவிழ்த்தேன். இப்போது பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் மூன்றாம் ஆண்டு பெரிய மீன் இல்லை, அப்புறம் குஞ்சும் இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அதேதான்.

இயக்குநரோ, "இப்ப வாயைத் திறக்காதே, அடுத்த வருஷம் மெதுவா குறைச்சுக்கலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. சொன்னால் படகெல்லாம் மறுபடி கட்டிக் கிடக்கும், பொறுப்பு என்று சொன்ன உன்னைத்தான் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் உன் கடலில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு வரி எழுது.

வாலு

செப்டம்பர் 26

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வலை நிறைய மீன். படித்ததும் அதை விலை பேசவே பயமாகிவிட்டது. இனி உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டேன்.

மறுநாளிலிருந்து நான் கடலுக்குப் போகவில்லை. தெரிந்த பிறகு போக மனசு வரவில்லை. கேட்டவர்களிடம் இன்ஜின் கோளாறு என்றேன். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லையே" என்று என் முகத்தையே பார்த்தான். இந்தப் பொய் அதிக நாள் தாங்காது. அதற்குள் நீ சொல்லிவிடு. யார் அனுமதிக்காகவும் காத்திருக்காதே.

சொன்ன பிறகு, ஊர்க் கோபம் தணிந்தது என்று நான் எழுதும்வரை இந்தப் பக்கம் வராதே. இப்போதே சந்தேகப்பட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள், அண்ணி பகலிலும் கதவைத் தாழிட்டுத்தான் வைத்திருக்கிறாள்.

அண்ணன்