காபிக் கறைப் பக்கத்தில் ஒரு தொட்டில்

அன்பு மகள் மைனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், கடையும் நலம், இஸ்திரிப் பெட்டி மட்டும் நடுநடுவே மூச்சை நிறுத்திக்கொள்கிறது, இரண்டு தட்டு தட்டினால் எழுந்துவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினால் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே வந்துவிடுகிறாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. இன்றைக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள், அங்கே எப்போதும் கூட்டம், அந்தத் தைரியத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக நீ வீடியோவில் வருவதில்லை, கேமரா சரியில்லை என்கிறாய், குரலும் சோர்ந்து கிடக்கிறது, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று உன் அம்மா தானே முடிவு கட்டி, தானே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். என் நினைப்பு வேறு. அது இணையத்தில் நாம் எழுதுகிற பிளாக்கில் இருந்து வந்த நினைப்பு என்பதால் முதலில் பிளாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் தண்ணீர் வாளி எதையும் தூக்காதே, மாப்பிள்ளைக்குக் கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, அவர் தூக்கட்டும்.

நீ அங்கே இருந்துகொண்டே ஆரம்பித்துக் கொடுத்த ‘கறைக்கு மருந்து’ பிளாக் இப்போது நம் சலவைக் கடையைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் இங்க் கறைக் கட்டுரைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் அந்தக் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டே போனது, காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உன் அம்மா ஏசினாள். விளம்பரக் கம்பெனியில் இருந்து முதல் பணம் வந்தபோது வங்கியில் இருக்கும் அந்தப் புதுப்பெண் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சார் நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று கேட்டாள். கறை எடுப்பது எப்படின்னு எழுதுறேன்மா என்றேன். அதுக்கு யார் சார் காசு தர்றாங்க என்றாள். படிக்க வருகிறவர்கள் கண்ணில் பக்கத்தில் இருக்கும் விளம்பரமும் படுமே, அந்தக் கண்ணுக்குத்தான் காசு என்று நீ எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் தன் மகனும் எழுதுவான், அவனுக்கும் வழி சொல்லுங்கள் என்று சாலை வரைக்கும் கூடவே வந்தார். அந்தப் பணத்தில் உன் அம்மாவுக்குப் புது மூக்குக்கண்ணாடி வாங்கினோம். வாங்கிக் கொடுத்தது தப்பாகப் போயிற்று, இப்போது நான் எழுதுவதில் முன்பைவிட இரண்டு மடங்கு பிழை கண்டுபிடிக்கிறாள். அவள் பார்த்து முடிக்காமல் ஒரு வரிகூட வெளியே போவதில்லை, வாசகர்கள் கீழே கேட்கும் கேள்விகளையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

பணம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆசை கூடிவிட்டது உனக்குத் தெரியும். தலைக்கு மேல் ஒன்று, காலுக்குக் கீழ் ஒன்று, நடுவில் நாலு என்று விளம்பரத்துக்கு இடம் விட்டேன். ஒரு வாசகர் கீழே வந்து, ஐயா உங்க பக்கத்துல கறையைக் காணோம், வெறும் கடையாத்தான் இருக்கு என்று எழுதிவிட்டுப் போனார். நீ திட்டிய பிறகுதான் குறைத்தேன். அதற்குள் உன் சின்ன மாமா, மச்சானுக்குக் காசு வரட்டும் என்கிற பாசத்தில், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் நம் பக்கத்தைத் திறந்து விளம்பரங்களைத் தொட்டுத் தொட்டுத் தள்ளியிருக்கிறார். கம்பெனியில் இருந்து எச்சரிக்கை வந்துவிட்டது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நம்ம வீட்டு ஆளுங்க யாருமே விளம்பரத்தைத் தொடக் கூடாதுப்பா, தொட்டா மொத்தத்தையும் மூடிடுவாங்க என்று நீ போனில் சத்தம் போட்டாயே, அதை உன் அம்மா அப்படியே ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டிவிட்டாள். துணி வாங்க வருகிறவர்கள் எல்லாம் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்த விளம்பரத்தைத் தொடக் கூடாது என்று கேட்கிறார்கள். மாமா மட்டும், உதவி பண்ணப் போயி உபத்திரவம் ஆயிடுச்சே என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார், இரண்டு நாளில் சரியாகிவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். என் போனில் நம் பக்கத்தைத் திறந்தால் எப்போது பார்த்தாலும் முடி வளரும் தைலம்தான் வருகிறது. கறையைப் பற்றி எழுதினால் வழுக்கைக்கு ஏன் விளம்பரம் போடுகிறார்கள், கம்பெனிக்கு எழுதிக் கேட்கப் போகிறேன் என்று நான் குதித்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒவ்வொருத்தர் போனிலும் அவங்கவங்க என்ன தேடுறாங்களோ அதுதாம்பா வரும், நீங்க எதுக்கு முடி தைலம் தேடுனீங்க என்று ஸ்பீக்கரில் கேட்டு என் மானத்தை வாங்கினாய். அன்றில் இருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் கடைக்கு வந்தாலும் நம் பக்கத்தை அவர்கள் போனில் திறந்து காட்டச் சொல்வேன். பழைய ஸ்கூட்டரை உயிர் போனாலும் விற்க மாட்டேன் என்று சொல்லித் திரியும் உன் மாமாவின் போனில் வரிசையாகப் புது வண்டிகள். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர், மனைவி போய் இத்தனை வருஷமாக இனி எனக்குத் தனிமைதான் என்று சொல்பவர், அவர் போனில் ‘உங்களுக்கேற்ற துணை இங்கே’ என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மனுஷன் அசடு வழிந்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்பு, உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் காபிக் கறைக் கட்டுரையில் விளம்பரம் எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று உன்னிடம் புலம்பினேன். என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருக்குப்பா, பாருங்க என்று நீ உன் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பினாய். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு மரத் தொட்டில் இருந்தது. கீழே இறக்கிப் பார்த்தால் கர்ப்பிணிகளுக்கான தொளதொள உடுப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் மைனா, காபிக் கறையைப் பற்றி நான் எழுதியது ஒரு எழுத்துகூடக் கண்ணில் படவில்லை. கேமரா ஏன் பழுதாயிற்று, குரல் ஏன் சோர்ந்தது எல்லாம் ஒரே நொடியில் புரிந்த மாதிரி இருந்தது. இஸ்திரிப் பெட்டியை அப்படியே சட்டை மேல் வைத்துவிட்டேன், பக்கத்துத் தெரு வக்கீலுடைய வெள்ளைச் சட்டை, முதுகில் முக்கோணமாகத் தீய்ந்துவிட்டது. புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தேன். எப்படி நடந்தது என்று உன் அம்மா குடைந்து குடைந்து கேட்டாள், தூங்கிவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன்.

உனக்கும் எனக்கும் தெரியும், வீட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் தண்டோரா. எதுவும் என் வயிற்றில் தங்காது. அப்படிப்பட்டவன் இதை ஒரு வாரமாக அடக்கி வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். உன் அம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் வாய் தானாகத் திறக்கிறது, உடனே ஒரு வாய் குடித்து அடைத்துக்கொள்கிறேன், நாக்கு வெந்துபோய்க் கிடக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். போன தடவை அது நிலைக்காமல் போனபோது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ணி அழுதார்கள், நீதான் அவர்கள் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாய். உனக்கு ஆறுதல் சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லை. இந்தத் தடவை உறுதியாகிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நீ நினைத்தால் அதில் ஒரு தப்பும் இல்லை, எனக்கு வருத்தமும் இல்லை. விளம்பரம் தப்பாகவும் இருக்கலாம், உன் தோழிக்காகக்கூடத் தேடியிருப்பாய். கம்பெனிக்காரன் சொல்லி ஒரு அப்பன் முடிவு பண்ணக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குழந்தைத் துணியில் பால் கறை எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். சுடுதண்ணீர் பட்டால் பால் துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் முதலில் பச்சைத் தண்ணீர், துணியின் உள்பக்கத்தில் இருந்து, தேய்க்காமல் விட வேண்டும், இப்படியெல்லாம் இதுவரை எதற்கும் எழுதாத பொறுமையோடு எழுதியிருக்கிறேன். வெளியிடாமல் உள்ளே வைத்திருக்கிறேன். உன் அம்மா கண்ணில் படக் கூடாது என்று அதற்கு ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன், அதை உலகத்தில் ஒருவரும் திறந்து படிக்க மாட்டார்கள். நீ போனில் ஒன்றும் சொல்ல வேண்டாம். எப்போது மனசுக்குத் தோன்றுகிறதோ, அது மூன்று மாதம் கழித்து என்றாலும் சரி, காபிக் கறைக் கட்டுரைக்குக் கீழே யாரோ ஒரு வாசகி மாதிரி வந்து, குழந்தைத் துணியில் பால் கறை போக என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வரி கேள். உன் அம்மாதான் அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள், பாருங்க பாவம் யாரோ ஒரு பொண்ணு கேக்குது, உடனே எழுதுங்க என்பாள். நான் அந்த நிமிஷமே தலைப்பை மாற்றி வெளியிட்டுவிடுவேன், அப்புறம் நீ உன் அம்மாவுக்குப் போன் பண்ணி, அந்தப் பொண்ணு நான்தாம்மா என்று சொல். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க நான் பக்கத்தில் இருப்பேன். கேள்வி வராவிட்டால் அந்தக் கட்டுரை அப்படியே உள்ளே தூங்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன், எப்படி இருந்தாலும் என் மகள் என் மகள்தான், அதில் எந்தக் குறையும் இல்லை.

உன் அம்மா வரும் நேரமாகிவிட்டது, தெருமுனையில் அவள் குடை மாதிரி ஒன்று தெரிகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வழுக்குகிற செருப்பு இருந்தால் தூக்கிப் போடு. காலையில் வெறும் வயிற்றோடு இருக்காதே. கவலையை எல்லாம் என் தலையில் போட்டுவிட்டு நீ நிம்மதியாக இரு, என் தலையில்தான் இடம் நிறைய இருக்கிறதே. நீயும் உன்னைச் சேர்ந்த எல்லோரும் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உன் அப்பா,
தண்டோரா (தற்போது ஓய்வில்).

ஒன்று மறந்துவிட்டேன். தொட்டில் வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கு, நம் பக்கத்தில் வருகிற விளம்பரத்தைத் தொட்டுவிடாதே. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நீயும் நம்ம வீட்டு ஆள்தான்.