வாயில் வராத ஆமென்

ஜூலை 8, 1997. செவ்வாய்.
புழுக்கம். அடிபம்பில் தண்ணீர் இல்லை. வாங்க: ரவை, மண்ணெண்ணெய், பஞ்சு.
ஜெஸிக்கு மறுபடி மூக்கில் ரத்தம். ஆறு வயது. காலெல்லாம் சிவப்புப் புள்ளி. கழுத்துக் கட்டிகள் நெல்லிக்காய் அளவு.

ஜூலை 9, புதன்.
ஆவடியிலிருந்து ரயிலில் பெரியாஸ்பத்திரி. நானும் ஜெஸியும் மட்டும். அவள் அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட்.
டாக்டரம்மா சொன்னது: "கிருமியை அடிக்கிற அணுங்க வேலை முடிஞ்சதும் சாகணும்மா. 'போதும், செத்துப்போ'ன்னு வர்ற தகவலை வாங்க அதுங்க மேலேயே ஒரு உறுப்பு இருக்கு. இவளுக்கு அது பழுது. சாகாம குவியுது, சொந்த ரத்தத்தையே அடிக்குது."
"எதிர்ப்பு சக்தி கம்மியா டாக்டர்?"
"இல்லம்மா. அடங்க மாட்டேங்குது."
மாத்திரை கூட்டியிருக்கிறார். கேட்காவிட்டால் மண்ணீரலை எடுக்க வேண்டுமாம். ரயிலில் ஜன்னலோரம் வேண்டுமென்று ஜெஸி அடம். அழாமல் வீடு வந்தேன், அதுவே பெரிய காரியம்.

ஜூலை 10, வியாழன்.
பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மேரியக்கா டானிக்கோடு வந்தாள். எதிர்ப்பு சக்தி ஏறுமாம்! வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். சாயங்காலம் செபக் கூட்டத்தையும் கூட்டி வந்தாள்.
"ஆண்டவரே, இந்தப் புள்ள ஒடம்புல ஒரு அணுகூட சாவாம காப்பாத்துப்பா."
எல்லாரும் ஆமென். எனக்கு வாய் திறக்கவில்லை. அந்த அணுக்கள் சாகாமல் இருப்பதுதானே என் தலையெழுத்து.
"இன்னாடி ஸ்டெல்லா, நீ மட்டும் ஆமென் சொல்லாம கீற? விசுவாசம் பூட்ச்சா?"
எரிச்சல். டாக்டர் சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டேன்.
"சாவணும்னா? நோவுல கீற புள்ள எதுர்ல அந்த வார்த்தைய எப்டிடி சொல்றது?" காப்பி குடிக்காமலே போய்விட்டாள். போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி.
புள்ளிகள் தொடை வரை. மாத்திரையால் அகோரப் பசி, நாலு இட்லி தின்றாள். முகம் வீங்கி வேறு யாரோ பிள்ளை மாதிரி. தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றினேன், எங்கே பட்டாலும் கன்றிப்போகிறது. பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி.
மழை. துணி காயவில்லை. காலையிலிருந்து மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா வரச் சொன்ன திங்கள்வரை பொறுக்க முடியாது, அவர் ஆட்டோ கூப்பிடப் போனார்.
அதற்குள் மேரியக்கா, கூட்டத்தோடு. நான் எதிர்பார்க்கவில்லை. முட்டி போட்டு ஜெஸியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.
"ஆண்டவரே... சாவ வேண்டியதுங்க சாவட்டும்பா. புள்ளய உட்ரு."
ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. நான் அன்று கொட்டியதைத்தான் செபமாக்கியிருந்தாள். எனக்கும் ஆமென் வரவில்லை.
ஜெஸிதான், மூக்கில் பஞ்சோடு, சத்தமாகச் சொன்னாள்: "ஆமென்."