மாத்திரை என் பொறுப்பு

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. நான் பெற்ற சின்னவளுக்கு இது ஐந்தாம் மாதம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவளை அழைத்துப் போவது அவள் மாமியார். நான் இரண்டு தெரு தள்ளி உயிரோடுதான் இருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாதாமாதம் அவளுக்கு ரத்தம் கொட்டும். "எல்லாப் பொண்ணுக்கும் உள்ளதுதான்" என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் யாரிடம் கேட்டேன்? கல்யாணமானதும் அவள் மாமியார் கேட்டாள். ஸ்கேன் எடுக்க வைத்தாள். கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்து வைத்தியம் நடந்தது. அன்றிலிருந்து இவளுக்கு வாய்க்கு வாய் 'அத்தை'. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அல்லவா! நான் ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் பத்திரிகை படித்தே கற்றேன்.

மார்ச் 5

ஹீமோகுளோபின் எட்டரைதானாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நேரே போய்ச் சொல்லிவிட்டேன்: "மாத்திரை என் பொறுப்பு. தினம் சாயங்காலம் நானே வந்து குடுப்பேன்."

"தாராளமா குடுங்க சம்பந்தி" என்று டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

மார்ச் 19

ஒரு நாள் தவறவில்லை. மாத்திரை குமட்டுகிறது என்றாள். திக்காக டீ போட்டு, அதோடு விழுங்க வைக்கிறேன். "உன் டீ மாதிரி வராதும்மா." டீச்சர் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

ஏப்ரல் 8

இன்று பரிசோதனைக்கு நானும் போனேன். ரத்தம் ஏறவே இல்லை. இப்படியே இருந்தால் சேர்த்துக்கொண்டு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்களாம்.

"மாத்திரை எதோட போடறீங்க?" என்றாள் நர்ஸ்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். "தண்ணியோட."

நர்ஸின் தலைக்கு மேலே சுவரில் ஒரு தாள். டீ, காபியோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தேன். பத்திரிகையில் இது வரவில்லையே — வந்தும் நான்தான் பக்கத்தைப் புரட்டிவிட்டேனா?

டீச்சரும் படித்தாள். திட்டியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக்கொடுத்தாள். பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 9

என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாளே, இவளுக்கென்ன பைத்தியமா? அந்தப் பொய்யை நம்பித்தானே டாக்டர் ஊசி போடுவார்?

மாத்திரை: டீச்சர். காலையில், வெறும் தண்ணீரோடு.

டீ: நான். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து. இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மயக்கம் வந்தால், மூச்சு வாங்கினால், ரத்தம் பட்டால்: மாப்பிள்ளை. உடனே ஆஸ்பத்திரி. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

நாளைக் காலை டாக்டரிடம் உண்மையைச் சொல்வது: நான். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.