ஓச்சோவா வீட்டுப் படி

எல் ரெபோசோ, கலிஃபோர்னியா
மார்ச் 3, 1999

இனெஸ் கண்ணுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சிகாகோவில் இன்னும் பனியா? இங்கே திராட்சைக் கொடிகள் தளிர்த்துவிட்டன.

மாதக் கடைசியில் உன் அப்பாவின் பிறந்தநாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் தோட்டத் தொழிலாளர் சங்கம் வழக்கம்போல ஊரைத் தலைகீழாக்கப் போகிறது. வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் வந்து பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள், வாய்க்காலில் குப்பை வாருவார்கள், தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளைப் பழுது பார்ப்பார்கள். எனக்கு மேடையில் உட்கார்ந்து தலையாட்டுகிற வேலை.

நம் வாசற்படி உளுத்துவிட்டது. தலைவர் வீட்டைச் சங்கம் கவனிக்கும் என்று ஊர் நினைக்கிறது, ஊர் கவனிக்கும் என்று சங்கம் நினைக்கிறது. அன்செல்மோ ரிவாஸின் மனைவி வாய்விட்டுக் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

இந்த வருஷமாவது வந்துவிடு. விழா முடிந்து எல்லோரும் போன பிறகு இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

உன் அம்மா

சிகாகோ
மார்ச் 12

அம்மா,

கோபித்துக்கொள்ளாதே, நான் வரவில்லை. யாராவது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா எங்க எல்லாருக்கும் அப்பா" என்பார்கள். நான் சிரிக்க வேண்டும். தேவாலயத்தில் நான் முதல் நற்கருணை வாங்கிய அன்று அவர் எந்தத் தோட்டத்து வாசலில் மறியல் செய்துகொண்டிருந்தார் என்று உனக்கே தெரியும். வெயிலில் நின்று உழைத்தவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் வாங்கிக் கொடுத்தார், அது பெரிய காரியம்தான். எனக்குத்தான் மிச்சம் எதுவும் இல்லை.

படிக்கு நல்ல தச்சனாகப் பார்த்துச் சொல்கிறேன்.

இனெஸ்

எல் ரெபோசோ
ஏப்ரல் 2

இனெஸ் கண்ணே,

தச்சன் வேண்டாம். உன் அம்மா ஒரு கள்ளத்தனம் செய்தாள்.

கல்யாணமானாலும் நம் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. ஆனால் இந்த ஊரில் என்னை அந்தப் பெயரால் யார் கூப்பிட்டார்கள்? சங்கத்துக்குத் தொலைபேசியில், மதில்தே ஓச்சோவா, துணையில்லாத கிழவி, படி உளுத்துவிட்டது என்றேன். எடுத்த பெண் புதியவள், பதிந்துகொண்டாள். முழங்கால் வலி, மேடைக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அப்பாவின் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஓச்சோவா அம்மா, ஓச்சோவா அம்மா என்று மூச்சுக்கு மூச்சு கூப்பிட்டார்கள். எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா? படியைப் புதிதாகப் போட்டுவிட்டு, நான் சோள மாவில் அவித்த தமாலேயை ஒன்று விடாமல் தின்று தீர்த்தார்கள். அப்போது ஒருத்தி கேட்டாள், "ரிவாஸை நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?"

"பார்த்திருக்கேன். நல்ல மனுஷன். வீடுதான் தங்கமாட்டார்."

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது உன் கையாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு புதுப் படியில் இருட்டும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் உன்னை அவருடைய நாளுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைப் பார்க்க வா என்று எழுதத் தோன்றியதே இல்லை. இப்போது எழுதுகிறேன். கொடியும் கூட்டமும் இல்லாத ஏதாவது ஒரு சாதாரணக் கிழமையில் வா. அவரைத் திட்ட வேண்டுமானால் திட்டு, நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

உன் அம்மா,
மதில்தே ஓச்சோவா