ஏணிக்குப் பதிலாக ஒரு விமானம்

இன்று காலை மாதா கோயிலில் தோரணம் ஒட்டுவதற்கு மரவள்ளி மாவில் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம்தான் முதலில் வந்தது. செத்துப்போன புருசன் மேல் கோபப்படக் கூடாதுதான். முட்டி வலி, தூக்கமில்லை, தேர்த் திருவிழா வேறு வந்துவிட்டது. இந்த அலுப்பில் வேறு யார் மேல் எரிந்து விழுவேன்?

எண்பதுகளில் மாரண்டஹள்ளியில் ஸ்டுடியோ வைத்திருந்தீர்கள். தேர் புறப்படும்போது கோயில் மணிக்கூண்டுக்கு ஏணி போட்டு ஏறி, மேலிருந்து படம் எடுப்பீர்கள். ஒரு வருடம் ஏணி சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்கில் உங்களைப் புரட்டித் துடைத்தவள் நான். எழுந்து நடந்ததும் முதல் பேச்சே அடுத்த தேரைப் பற்றித்தான். அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன்.

"ஏறல புள்ள. கேமராவ மட்டும் மேல அனுப்பறேன்" என்றீர்கள்.

"அது பறக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அப்ப ஏணிதான்."

பெங்களூரிலிருந்து ரேடியோ கருவியும் சின்ன இஞ்சினும் வந்தன. சின்ன விமானம் கட்ட, கனமில்லாத காய்ந்த கற்றாழைத் தண்டும் மூங்கில் சிம்பும் வீட்டை அடைத்தன. இறக்கை நம் கட்டிலைவிட நீளம். அடுப்படிக்குப் போக நான் அதற்கடியில் குனிந்து நுழைந்தேன். விமானத்தின் வயிற்றில் கேமரா. ஃபிலிமைக் கையால் சுற்றினால்தான் நகரும் என்பதால் ஒருமுறை பறந்தால் ஒரே படம். இப்போது கல்யாண வீடுகளில் தாம்பாளம் அளவு ட்ரோனை விட்டு, பந்தி பரிமாறுவதைக்கூட எடுக்கிறார்கள்.

இறக்கைக்கு மெல்லிய காகிதம் போர்த்தினோம். எதில் ஒட்டுவது என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரமோ தோரணமோ, காகிதம் என்றால் நம் ஊரில் மரவள்ளிப் பசைதான். காய்ந்ததும் மேளத்தோல் போல விறைத்தது. ஏரிக்கரையில் நல்ல வெயிலில் விட்டுப் பார்த்தபோது ஜம்மென்று பறந்தது.

தேரன்று தூறல். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். "தேர் பொறுக்குமா?" என்று கிளப்பிவிட்டீர்கள். கோயிலைச் சுற்றித் தாழ்வாக ஒரு வட்டம் வந்தது. அதற்குள் பசை ஊறி, இறக்கைக் காகிதம் பெயர்ந்து தொங்கியது. பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணி சுவரில் சாய்ந்தபடி தயாராக இருந்தது. நல்லவேளை, ஏணிப் பக்கம் திரும்பாமல், கேமரா போச்சே என்று நீங்கள் நொண்டிக்கொண்டே காட்டுக்குள் ஓடினீர்கள்.

அந்த ஒரு படம் தப்பியது. இருட்டறையிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். தேர், கூட்டம், எல்லா முகங்களும் வானத்தை நோக்கி. முக்காடு நழுவிய ஒரு தலையில் மட்டும் வகிடு தெரிந்தது.

"எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. நீ எதப் பாத்துட்டிருந்த?"

"உங்க காலைத்தான். ஏணிப் பக்கம் போவுதான்னு."

அடுத்த வருடம் தேரைத் தரையில் நின்றே எடுத்தீர்கள். அதன்பின் கடைசிவரை ஏறவில்லை.

எனக்குத்தான் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று மழை பெய்து பாதை வழுக்கியது. எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழுதார்கள். நான், தூக்கியவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.